விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயரை அளந்து பார்ப்பது தகுமா?

கேள்வி கேட்டவர், கையால் செய்யப்பட்ட வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் ஒன்றை 7 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கும் எண்ணத்தில் இருக்கிறார். அதைச் செய்பவர் ஆண்டுக்குச் சில பத்து ஆம்ப்ளிஃபயர்களை மட்டுமே செய்து விற்கும் சிறு தயாரிப்பாளர். தயாரிப்பாளருக்குத் தொடர்பில்லாத யாராவது இதை அளந்து வெளியிட்ட அறிக்கை இருக்கிறதா என்று அவர் விசாரித்திருக்கிறார். அதற்கு விற்பவர், "இது கலைப்பொருள், வீணையை மீட்டர் வைத்தா வாங்குவீர்கள்?" என்று பதில் சொன்னாராம். அந்தப் பதில் சரிதானா, இத்தகைய கருவிகளை ஆய்வுமேசையில் வைப்பது பொருத்தம்தானா என்பதே கேள்வி.

பொருத்தம்தான். மலிவான ஆம்ப்ளிஃபயரைக் காட்டிலும் இவற்றுக்குத்தான் அந்தச் சோதனை கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து.

விற்பவர் சொன்ன உவமையிலிருந்தே தொடங்கலாம். வீணை ஒலியைப் பிறப்பிக்கும் கருவி. ஆம்ப்ளிஃபயர் பிறர் பிறப்பித்த ஒலியை ஏந்திச் செல்லும் கருவி. வீணைக்குத் தனக்கென்று ஒரு நாதம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி நாதம் இருந்தால், அது வீணை வாசித்தவரின் நாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதை விரும்பி ஏற்பது கேட்பவரின் உரிமை. ஆனால் எவ்வளவு ஏறி உட்காருகிறது என்று தெரிந்துகொண்டு ஏற்பது வேறு, தெரியாமல் ஏற்பது வேறு. அதோடு, வீணை வாங்குகிறவர்கூடச் சோதிக்காமல் வாங்குவதில்லை. மெழுகில் மேளம் கட்டிய 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக மீட்டி, சுரம் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்து வைப்பார். செய்தவர் எவ்வளவு பெரிய ஆசாரியாக இருந்தாலும் இந்தச் சோதனையை அவர் அவமதிப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆம்ப்ளிஃபயர் விற்பனையில் அளவீட்டுக்கு ஏன் சட்டமே தேவைப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1990களில் நம் ஊர்க் கடைகளில் அடுக்கியிருந்த சிறு ஸ்டீரியோ பெட்டிகளின் மேல் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்' (கணநேர உச்சத் திறன்) என்று அச்சிட்டிருந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். உள்ளே இருந்த டிரான்ஸ்ஃபார்மரால் 20 வாட்கூடத் தொடர்ந்து தர முடியாது. இதே நோய் அமெரிக்காவில் அதற்கும் முன்பே பரவியிருந்தது. கணநேர உச்சத்தைக் கணக்கிட்டும், ஒரு சேனலை மட்டும் இயக்கியும், திரிபு (மூல ஒலியில் கருவி சேர்க்கும் மாற்றம்) எவ்வளவு என்று சொல்லாமலும் ஆளுக்கொரு முறையில் வாட் எண்ணை ஏற்றி விளம்பரம் செய்தார்கள். அதனால் அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1974-இல் ஆம்ப்ளிஃபயர்களுக்கென்றே தனி விதியைக் கொண்டுவந்தது. வீட்டில் பயன்படுத்தும் ஆம்ப்ளிஃபயரின் திறனை விளம்பரப்படுத்துகிறவர் அதைத் தொடர்ச்சியான திறனாக அளக்க வேண்டும், எந்தச் சுமையில் (இணைக்கும் ஸ்பீக்கரின் ஓம் அளவில்), எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை, எவ்வளவு திரிபோடு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றது அவ்விதி. அளப்பதற்கு முன் கருவியை மூன்றில் ஒரு பங்குத் திறனில் ஒரு மணிநேரம் ஓட்டிச் சூடாக்க வேண்டும் என்றும் அது கேட்டது. சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் முழுத் திறனில் ஓடும்போது அதன் டிரான்சிஸ்டர்கள் மிக அதிகமாகச் சூடாவதில்லை. உச்சத் திறனில் சுமார் 40 சதவீதத்தை ஒட்டித்தான் அவை மிக அதிக வெப்பத்தைக் கக்குகின்றன. எனவே மூன்றில் ஒரு பங்கு என்பது கருவியின் பலவீனமான இடத்தைத் தொடும் சோதனை. தயாரிப்பாளர்களின் நெடுங்கால முறையீட்டுக்குப் பிறகு 2000-இல் இது எட்டில் ஒரு பங்காகத் தளர்த்தப்பட்டது. 2024-இல் விதியைத் திருத்தியபோது, 8 ஓம் சுமை, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லை, 1 சதவீதத்துக்கும் குறைந்த திரிபு என்று அளக்கும் நிலைகளையும் எல்லோருக்கும் ஒன்றாக்கினார்கள்.

இந்த அளவுகோலை உங்கள் வால்வு ஆம்ப்ளிஃபயரின் மேல் வைத்துப் பாருங்கள். உதாரணமாக, ஒவ்வொரு சேனலின் வெளியீட்டிலும் 300பி என்ற வால்வு ஒன்றை மட்டும் கொண்ட ஒற்றை முனை ஆம்ப்ளிஃபயருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் திறன் 8 வாட். பின்னூட்டம் (வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்கே திருப்பி அனுப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லாத இவ்வகைக் கருவிகளில் திரிபு 1 சதவீதத்தைத் தொடும் இடம் பெரும்பாலும் 2 வாட்டுக்கு உள்ளேயே வந்துவிடும். 20 ஹெர்ட்ஸில் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு அதற்கும் முன்பே காந்தப்புலத்தைத் தாங்காமல் தெவிட்டிப் போகலாம். 8 வாட் என்பது பொய்யில்லை. 3 அல்லது 5 சதவீதத் திரிபை ஏற்றுக்கொண்டால் கிடைக்கும் 8 வாட் அது. அந்த நிபந்தனையைச் சேர்த்துச் சொல்வது விற்பவரின் கடமை. அவர் சொல்லாதபோது சொல்வதற்கு வேறொருவர் வேண்டும்.

சிறு தயாரிப்பாளரின் கருவிக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை என்பதை என் மேசைக்கு வந்த ஒன்றைக் கொண்டே விளக்குகிறேன். தெரிந்தவர் ஒருவர் தம்முடைய 300பி ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார். மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். குறை என்று அவர் சொன்னது, நாகஸ்வரக் கச்சேரியில் தவில் எழும்போது இடப்பக்கம் மட்டும் 'களைத்துப் போகிறது' என்பதுதான். அறையின் இடச்சுவரில் சன்னல் இருப்பதுதான் காரணம் என்று நினைத்துத் திரை போட்டிருக்கிறார், ஸ்பீக்கரை நகர்த்தியிருக்கிறார், பிறகு அதிக விலையில் கேபிளும் மாற்றியிருக்கிறார். நான் இரு சேனல்களுக்கும் 8 ஓம் டம்மி லோடு (ஸ்பீக்கருக்குப் பதிலாக வைக்கும் மின்தடை) கட்டி, 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்து, அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தபடி ஒலியளவை மெல்ல ஏற்றினேன். வலப்பக்கம் 7 வாட்டுக்கு மேல் வந்த பிறகுதான் அலையின் தலை மழுங்கத் தொடங்கியது. இடப்பக்கமோ 4 வாட்டிலேயே மழுங்கிவிட்டது.

அடித்தட்டைக் கழற்றியபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. வால்வின் கேத்தோடுக்குக் கீழே தங்க நிற அலுமினியக் கூட்டில் அமைந்த மின்தடை ஒன்று சேனலுக்கு ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே நிறுவனத்துடையவை. ஒன்றின் மேல் 1 கிலோ ஓம் என்றும் மற்றதன் மேல் 1.5 கிலோ ஓம் என்றும் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. கூடுதல் மின்தடையால் இடது வால்வுக்குள் மின்னோட்டம் குறைந்து, அந்தச் சேனல் பாதித் திறனோடு மூன்று ஆண்டுகள் பாடியிருக்கிறது. செய்தவர் நேர்மையானவர், சாலிடர் வேலை ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் ஒருவரே பாகம் எடுத்து, ஒருவரே பொருத்தி, ஒருவரே கேட்டுப் பார்த்து அனுப்பும் இடத்தில் இந்தக் கைத்தவறு தப்பிவிடும். ஆயிரக்கணக்கில் செய்யும் தொழிற்சாலையில், கருவிகள் பெட்டிக்குள் போகும் முன் ஓர் ஆய்வு இயந்திரத்தில் செருகப்படுகின்றன. இப்படி ஒரு சேனல் வேறுபட்டால் சிவப்பு விளக்கு எரியும். அந்த இயந்திரம் இல்லாத பட்டறைக்கு வெளியார் கண் ஒன்று தேவை. மாற்றிய மின்தடையின் விலை அவர் கேபிளுக்குக் கொடுத்ததில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இனி, அளவீட்டை எதிர்ப்பவர்களின் வாதத்துக்கு வருகிறேன். அதில் உண்மையும் இருக்கிறது என்பதால் அதைத் தட்டிக் கழிக்க விரும்பவில்லை. 'எண்கள் நன்றாக இருந்தும் கேட்கச் சகிக்காத ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு' என்கிறார்கள். 1960களில் வந்த முதல் தலைமுறை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பல அப்படித்தான் இருந்தன. விளம்பரத்தில் முழுத் திறனில் அளந்த மிகச் சிறிய திரிபு எண் இருக்கும். வீட்டில் மெல்லிய ஒலியில் கேட்கும்போது வயலின் கரகரக்கும். இரு டிரான்சிஸ்டர்கள் ஒன்றிடமிருந்து மற்றொன்று வேலையை வாங்கிக்கொள்ளும் இடத்தில் அலையில் ஒரு சிறு வெட்டு விழுகிறது. ஒலி குறையக் குறைய அந்த வெட்டின் விகிதம் கூடுகிறது. முழுத் திறனில் மட்டும் அளந்தவர்களுக்கு அது தென்படவில்லை. அடுத்து 1970-இல் ஃபின்லாந்துப் பொறியாளர் மாட்டி ஓட்டலா, வேகமாக எழும் இசைக்கு ஈடுகொடுக்க முடியாத மந்தமான ஆம்ப்ளிஃபயரில் பின்னூட்டத்தை மிகுதியாகச் சேர்த்தால் வேறு வகைத் திரிபு பிறக்கும் என்று காட்டினார். எல்லாத் திரிபும் காதுக்கு ஒன்றல்ல, உயர்ந்த வரிசைச் சீரிசைகளுக்கு (மூல அதிர்வெண்ணின் பல மடங்குகளாகத் திரிபில் பிறக்கும் ஒலிகளுக்கு) கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிட வேண்டும் என்று பி.பி.சி.யின் ஷார்ட்டர் 1950-லேயே எழுதியிருந்தார்.

இந்த வரலாறு முழுவதிலும் காது புகார் சொல்லியது, பொறியாளர்கள் அளக்கும் முறையைத் திருத்தினார்கள், திருந்திய அளவீடு குறையைக் காட்டியது, அடுத்த தலைமுறைக் கருவி மேம்பட்டது. 1 வாட்டில் அளப்பது, ஒரே நேரத்தில் இரு அதிர்வெண்களைக் கொடுத்து அளப்பது, சீரிசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வரைபடமாகத் தருவது எல்லாம் இப்படி வந்தவைதான். அளவீடு போதாது என்று கண்டபோது இந்தத் துறை மேலும் அளந்தது. அளப்பதைக் கைவிட்டு எந்தக் கருவியும் மேம்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

காதைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் குவாட் நிறுவனத்தின் மூன்று தலைமுறைக் கருவிகளை, அதாவது 1950களின் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் அதன் பின் வந்த 303, 405 என்ற இரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களையும், எது பாடுகிறது என்று தெரியாதபடி ஒப்பிட்டுக் கேட்கவைத்தார் ஜேம்ஸ் மோயர். 1978-இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வெளியான அந்த முடிவில், கேட்டவர்களால் அவற்றை நம்பத்தக்க அளவில் பிரித்தறிய முடியவில்லை. அமெரிக்காவின் ஸ்டீரியோ ரிவ்யூ இதழ் 1987 சனவரியில் வெளியிட்ட சோதனையில், சுமார் 220 டாலர் விலையுள்ள பயனியர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் விலையுள்ள ஃபட்டர்மன் வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை ஆறு கருவிகளை 25 பேர் கேட்டார்கள். மொத்த விடைகள் நாணயம் சுண்டிப் போட்டால் கிடைக்கும் விகிதத்தை ஒட்டியே இருந்தன. இத்தகைய சோதனைகளில் ஒலியளவை மிகத் துல்லியமாக, டெசிபலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சமப்படுத்துவார்கள். அரை டெசிபல் வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூடியிருக்கிறது' என்று உணர்வதில்லை. 'தெளிவாக இருக்கிறது, உயிர் இருக்கிறது' என்றுதான் உணரும். காட்சியறையில் விற்பவரின் விரல் ஒலிக்குமிழியில் இருக்கும்வரை, அங்கே கேட்டதை வைத்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன்.

ஆனால் இதை வைத்து எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒன்றே என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. நீங்கள் வாங்க நினைக்கும் வகை ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வெவ்வேறாக ஒலிக்கும். அது ஏன் என்று அளவீடு மிகத் தெளிவாகச் சொல்லும். 300பி வால்வின் உள்மின்தடை சுமார் 700 ஓம். வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் 3500 ஓமை 8 ஓமாக இறக்கினால், அந்த 700 ஓம் ஸ்பீக்கரின் பார்வையில் 1.6 ஓமாகத் தெரியும். செப்புச் சுற்றின் மின்தடையையும் சேர்த்தால் 2.5 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். இதுவே ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு, அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு. 8 ஓம் என்று பெயரெழுதிய ஸ்பீக்கரின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக நிற்பதில்லை. ஓரிடத்தில் 3 ஓமுக்கு இறங்கும், அடித்தாயியில் அதன் ஒத்ததிர்வு வரும் இடத்தில் 20 ஓமுக்கு ஏறும். இப்போது ஸ்பீக்கரின் மின்மறுப்பை, அதோடு அந்த 2.5 ஓமையும் கூட்டிய எண்ணால் வகுத்து, விடையின் லாகரிதத்தை (அடி 10) 20-ஆல் பெருக்கி டெசிபலாக்கினால், 3 ஓம் இடத்தில் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய 5.3 டெசிபல் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 20 ஓம் இடத்தில் 1 டெசிபல் மட்டுமே தங்குகிறது. வித்தியாசம் 4 டெசிபலுக்கு மேல். பாஸ், ட்ரெபிள் குமிழிகளைத் தொடாமலேயே உங்கள் ஸ்பீக்கரின் அடித்தாயி வீங்கி, வேறொரு பகுதி அமுங்கிவிடும். வெளியீட்டு மின்மறுப்பு 0.05 ஓம் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் இதே வித்தியாசம் 0.12 டெசிபல்.

'மாயம்', 'வெதுவெதுப்பு' என்றெல்லாம் விளம்பரத்தில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த 4 டெசிபலில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அது ஒருவருக்குப் பிடித்திருந்தால் அதில் தவறே இல்லை. ஆனால் மின்மறுப்பு சமமாக ஓடும், உணர்திறன் மிக்க ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு இந்த ஆம்ப்ளிஃபயர் அருமையாகப் பொருந்தும். 3 ஓமுக்கு இறங்கும் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு அது 7 லட்சம் ரூபாய் ஏமாற்றமாக முடியும். இருவருக்கும் வழிகாட்டுவது ஆய்வு அறிக்கையில் உள்ள வெளியீட்டு மின்மறுப்பு என்ற ஒற்றை வரிதான். பல தயாரிப்பாளர்களின் விவரத் தாளில் இந்த வரியைக் காண முடிவதில்லை.

தயாரிப்பாளரே அளந்து கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். இதற்கு 1985-இல் நடந்த ஒன்று நல்ல பாடம். அமெரிக்கப் பொறியாளர் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் இதழார் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபயரின் ஒலியைத் தம்முடைய மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரிலேயே கொண்டுவர முடியும் என்று சவால் விட்டார். இரண்டுக்கும் ஒரே இசையைக் கொடுத்து, வெளியீடுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மிச்சம் ஏறக்குறைய 70 டெசிபல் கீழே போகும்வரை, அதாவது மூவாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை, தம் கருவியைத் திருத்திக்கொண்டே போனார். கேட்டுப் பார்த்த இதழாசிரியர்களால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அளவீடு ஒன்றானால் ஒலியும் ஒன்றாகிறது என்பதற்கு இதைவிட நேரடியான செயல்விளக்கத்தை நான் அறியேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. அந்த முறையில் தயாரான விற்பனைக் கருவியை 1987-இல் அதே இதழ் சோதித்தபோது, கையால் திருத்திய முதல் கருவியின் நெருக்கம் அதில் கிடைக்கவில்லை. தயாரிப்பாளர் கையிலிருந்து நேராக வரும் மாதிரியும் கடையில் வாங்கும் பிரதியும் ஒன்றுதானா என்பதை, இரண்டிலும் பங்கில்லாத ஒருவர்தான் சொல்ல முடியும்.

தயாரிப்பாளருக்குத் தொடர்பில்லாத சோதனை என்று நான் சொல்வதன் பொருள் இதுதான். சோதிக்கும் கருவியைச் சோதிப்பவரே கடையில் வாங்குவது அல்லது ஏற்கெனவே வாங்கிய ஒருவரிடம் இரவல் பெறுவது சிறந்தது. தயாரிப்பாளர் அனுப்பியது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அளந்த முறை, சுமை, கேபிள் அமைப்பு உட்பட எல்லாம் வெளியிடப்பட்டால் வேறொருவர் அதைத் திரும்பச் செய்து சரிபார்க்க முடியும். தயாரிப்பாளருக்குப் பதில் சொல்லவும் இடம் தர வேண்டும். ஸ்டீரியோஃபைல் பல பத்தாண்டுகளாகக் கேட்டவரின் விமர்சனம், ஆய்வுமேசை அளவீடு, தயாரிப்பாளர் விளக்கம் மூன்றையும் வெளியிட்டு வருகிறது. கேட்டவர் வானளாவப் புகழ்ந்த கருவியில் அளந்தவர் குறை கண்ட நிகழ்வுகளும் அதே பக்கங்களில் உண்டு. விளம்பர வருவாயில் நடக்கும் இதழ் ஒன்று அப்படி வெளியிட்டதை நான் மதிக்கிறேன்.

அளப்பவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. திரிபையும் இரைச்சலையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி, அதை வைத்து எல்லாக் கருவிகளையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தும் பழக்கம் பரவியிருக்கிறது. 0.001 சதவீதத் திரிபுக்கும் 0.0001 சதவீதத் திரிபுக்கும் உள்ள வேறுபாடு பொறியியல் திறமைக்குச் சான்று. கேட்பவர் காதில் அது விழாது. பத்திலிருந்து நூறு மடங்கு விலையுள்ள கையால் செய்த கருவி அந்தப் பட்டியலின் அடியில் நிற்பதைப் பார்த்து நகைப்பது, செய்தவருக்கு அநீதி. எந்தச் சீரிசை எவ்வளவு, எந்தத் திறனில், எந்தச் சுமையில் என்ற முழு வரைபடமும் வேண்டும். 8 வாட் கருவியை 8 வாட் கருவியாகவே எடைபோட வேண்டும்.

பாதுகாப்பும் இதில் அடங்கும். 211, 845 போன்ற வால்வுகளைக் கொண்ட கருவிக்குள் ஏறக்குறைய 1000 வோல்ட் மின்னழுத்தம் ஓடும். உலோகச் சட்டகம் புவியிணைப்போடு உறுதியாகச் சேர்ந்திருக்கிறதா, மின்காப்பு தாங்குகிறதா, ஃப்யூஸ் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்காத ஆய்வு முழுமையானதல்ல.

செலவைக் காரணம் காட்டும் சிறு தயாரிப்பாளர்களை நான் புரிந்துகொள்கிறேன். ஆடியோ ப்ரிசிஷன் போன்ற ஆய்வகக் கருவியின் விலை ஒரு பட்டறையின் ஓராண்டு லாபத்தையே விழுங்கிவிடலாம். ஆனால் இன்று சில நூறு டாலர்களில் கிடைக்கும் கையடக்கமான ஆடியோ அனலைசர்கள் வால்வு ஆம்ப்ளிஃபயரை அளப்பதற்குத் தாராளமாகப் போதும். ஒரு கருவியை 7 லட்சத்துக்கு விற்பவரால் அதை வாங்க முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு கருவியோடும் அதன் வரிசை எண்ணைக் குறித்த அளவீட்டுத் தாளை வைத்து அனுப்பும் சிறு தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தாளை வெளியார் அளவீடு உறுதி செய்யும்போது அவர்களுக்குத்தான் லாபம்.

எனவே விற்பவரிடம் மறுபடி பேசும்போது, 1 வாட்டிலும் அறிவித்த முழுத் திறனிலும் திரிபு எவ்வளவு, 20 ஹெர்ட்ஸில் எத்தனை வாட் வருகிறது, வெளியீட்டு மின்மறுப்பு என்ன என்று கேளுங்கள். உங்கள் ஸ்பீக்கரின் மின்மறுப்பு வரைபடத்தை அது செய்த நிறுவனத்திடமிருந்தோ, அதைச் சோதித்த இதழிலிருந்தோ எடுத்து, நான் மேலே போட்ட கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மின்மறுப்பு மிகவும் இறங்கும் இடத்துக்கும் மிகவும் ஏறும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் 1 டெசிபலுக்குள் வந்தால் கவலையின்றிக் காதை நம்பலாம்; அதற்கு மேல் போனால், அதே ஸ்பீக்கரோடு உங்கள் வீட்டு அறையில் ஒரு வாரம் கேட்காமல் முன்பணம் தராதீர்கள். வாங்கிய பிறகு, உத்தரவாதக் காலம் முடிவதற்குள், இரு சேனல்களையும் டம்மி லோடில் கட்டி ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். தெரிந்தவர் கையில் அது அரைமணிநேர வேலை.